‘ஜீவன் இல்லை’ என்றால் எதில் குறை? இயந்திர ஆட்டமும் பார்ப்பவர் கண்ணும்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சின்னக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் குருக்கள் ஒரு சுவிட்சைத் தட்டுவார். மூலையில் நிற்கும் இரும்புச் சட்டத்துக்குள் மோட்டார் சுழலும். அதன் தண்டில் பொருத்திய நெம்புகள் குச்சியைத் தூக்கித் தூக்கி விட, மேளம் அதிரும், தாளம் மோதும், மணி ஆடும். நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வாசிக்க ஆள் இல்லையே என்ற நினைப்பு அந்த நொடியில் பெரும்பாலும் வராது. அவர்களில் ஒருவர் வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, போனில் ரோபோ ஒன்று அரைமண்டியில் அமர்ந்து கையை விரிக்கும் ரீல் வருகிறது. பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஆடுது, ஆனா ஜீவன் இல்லப்பா" என்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு புகார்கள் அடைந்து கிடக்கின்றன. சில புகார்களை ஒரு பொறியாளர் ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம். சில, நடன அமைப்பைப் பற்றியவை. சிலவற்றுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் நம் காதில் விழுந்த செய்தியால் வந்தவை. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நட்டுவனார் யார், ஆடுவது யார், மைக்கில் என்ன சொன்னார்கள்

ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜதியைக் கோர்த்தவர் நட்டுவனார். மேடையில் ஆடுவது மாணவி. "பத்து வருஷம் பயின்றவர்" என்று அறிமுகம் செய்வது மைக் பிடித்தவர். மூன்றும் மூன்று பேர். இயந்திர நடனம் என்று வந்துவிட்டால் மட்டும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

2020 டிசம்பர் கடைசியில் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோபோ நடன வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை சுற்றியது. ‘ரோபோ தானாகவே ஆடுகிறது’ என்ற குறிப்போடு அது பரவியதுதான் வேடிக்கை. உடல் இயந்திரத்தினுடையது, சரி. அசைவுகளை அமைத்ததில் மோனிகா தாமஸ் என்ற நடன அமைப்பாளரின் பங்கு இருக்கிறது. அங்கே நட்டுவனார் மனிதர்.

நேர் எதிரான உதாரணம் 1964-லேயே உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜீன் பீமன் என்ற நடனக் கலைஞர், வேகம், திசை, அசைவு என்று பட்டியல்கள் போட்டு, அவற்றிலிருந்து கணினியைக் குலுக்கல் முறையில் எடுக்கச் சொன்னார். வந்ததை ஆடியவர்கள் மனிதர்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1991-ல் ‘டிராக்கர்ஸ்’ என்ற படைப்பிலிருந்து ‘லைஃப்ஃபார்ம்ஸ்’ என்ற மென்பொருளில் உருவங்களை வளைத்துப் பார்த்து நடனம் அமைத்தார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அதையும் ஆடியவர்கள் அவருடைய குழுவினர்தான்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு வீடியோ மூன்றாவது ரகம். அதில் உடலே இல்லை. படம் மட்டும்தான்.

இதுவரை: ‘இயந்திர நடனம்’ என்று யாராவது சொன்னால், அமைத்தது எது, ஆடும் உடல் எது, நமக்குச் சொல்லப்பட்டது என்ன என்று மூன்றாகக் கேட்க வேண்டும். பார்ப்பவரின் மனம் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக எதிர்வினை காட்டுகிறது.

பொம்மைக்கு எப்படி உயிர் வந்தது?

ஆடும் உடல் மனிதரைப் போல இருந்தால்தான் ரசிப்போம் என்பது பரவலான எண்ணம். நம் ஊர்ப் பொம்மலாட்டம் அதைப் பொய்யாக்கிப் பல தலைமுறை ஆகிறது. மரமுகம், அசையாத கண், கீழே தொங்கும் துணி. ஆனாலும் வள்ளி வெட்கப்பட்டால் நமக்குத் தெரிகிறது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் பொம்மையைத் தாங்கும் கயிறுகள் ஆட்டுபவரின் தலையில் உள்ள வளையத்தில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். ஆட்டுபவர் தலையை அசைத்துத் தாளத்துக்கு அடி வைக்கும்போது, அவருடைய உடலின் வேகமும் தயக்கமும் அப்படியே கயிறு வழியாகக் கீழே இறங்குகின்றன. கொலுவில் வைக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அழகான முகமும் பட்டுப்பாவாடையும் உண்டு. ஆனால் தட்டிவிட்டால் ஊசலைப் போல ஆடி ஓய்கிறது. பார்க்க இனிமையாக இருக்கும். அது வெட்கப்படுகிறது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

அதாவது நம் கண் உருவத்தைவிட அசைவைத்தான் அதிகம் நம்புகிறது. இதை 1973-ல் குன்னார் யொஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் சோதனையில் காட்டினார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள். நின்றால் வெறும் புள்ளிக் கூட்டம். நடக்க ஆரம்பித்தால் கால் நொடிகூட வேண்டியதில்லை, ‘ஒரு ஆள் நடக்கிறார்’ என்று பார்ப்பவர் சொல்லிவிடுகிறார். உயிருள்ள உடலுக்கே உரிய இந்த அசைவுச் சாயலுக்கு உயிரியக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கறுப்பு உடை, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் 12 இடங்களில் பைக்கில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கர்த் துண்டு. இருட்டறையில் வீடியோ எடுக்கும் போனுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்தால் போதும். தட்டடவு ஆடுகிறாரா, தெருக்கூத்துக் கிறுகி சுற்றுகிறாரா என்று புள்ளிகளை வைத்தே உங்கள் பாட்டி சொல்லிவிடுவார்.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இருவர் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சிறு படம் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் துரத்தல், சண்டை, பயம் என்று கதையாகவே சொன்னார்கள். முக்கோணத்துக்கே மனம் கொடுக்கிறோம் என்றால், ரோபோவுக்குக் கொடுக்காமல் விட நமக்கு விசேஷக் காரணம் எதுவும் இல்லை. எங்கேயோ அசைவில் தடங்குகிறது.

கோபுரத்தில் நிற்கும் கரணமும் அதற்கு அடுத்ததும்

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நுழையும்போது இரு புறமும் நிமிர்ந்து பாருங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் சிற்பமாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றோடு அந்தந்தச் சுலோகமும் வெட்டியிருக்கிறது. கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து செய்யும் ஓர் அசைவு. சிற்பி அதில் ஒரு கணத்தைத்தான் கல்லில் வைக்க முடிந்தது. அந்தக் கணத்துக்கு எங்கிருந்து வந்தார்கள், எந்த வேகத்தில் வந்தார்கள் என்பது கல்லில் இல்லை. அதனால்தான் கரணங்களை மீட்டு ஆடியவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு.

கணினியில் நடனம் அமைப்பவருக்கும் இதே சிக்கல். அவர் முக்கியமான நிலைகளை மட்டும் கொடுப்பார். இவற்றுக்குக் கீஃபிரேம் என்று பெயர். கோபுரச் சிற்பம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கீஃபிரேமுக்கு நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பும். இதற்கு இடைநிரப்பல் என்று பெயர். ‘ஜீவன் இல்லை’ என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கை மார்பிலிருந்து பக்கவாட்டுக்கு ஒரு நொடியில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறி மென்பொருள் சம வேகத்தில் நிரப்பும். கால் நொடியில் 25 சதவீத தூரம், அரை நொடியில் 50, முக்கால் நொடியில் 75. மனிதக் கை அப்படிப் போகாது. ஃபிளாஷ், ஹோகன் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் தந்த கணக்கின்படி, இயல்பாக நீளும் கை முதல் கால் நொடியில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் நகரும். அரை நொடியில் 50. முக்கால் நொடியில் 90. மெல்லக் கிளம்பி, நடுவில் பாய்ந்து, மெல்ல நிற்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போனவர்களுக்கு இது காலில் தெரியும். கைதேர்ந்த டிரைவர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்கவே வேண்டாம். புதியவர் போட்டால் முன் ஆள் மேல் விழுவோம். இரண்டு பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. வேகம் மாறும் விதம் திடீரென மாறுகிறதா, படிப்படியாக மாறுகிறதா என்பதில்தான் வித்தியாசம். இந்தத் திடீர் மாற்றத்துக்கு குலுங்கல் என்று சொல்வோம். மனித உடல் தன் அசைவுகளில் குலுங்கலை முடிந்தவரை குறைக்கிறது.

வளைவில் இன்னொரு விதி இருக்கிறது. வாசலில் சிக்குக் கோலம் போடும் கையைப் பாருங்கள். நேர்க்கோட்டில் மாவு சர்ரென்று ஓடும், புள்ளியைச் சுற்றித் திரும்பும்போது கை மெதுவாகும். யாரும் சொல்லித் தரவில்லை. வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம் குறையும் என்று 1983-ல் கணக்காகவே எழுதிவிட்டார்கள். இதைவிட ஆச்சரியம் பின்னால் தெரியவந்தது: இந்த விதிப்படி வேகம் கூடிக் குறையும் ஒரு புள்ளியைக் காட்டினால், அது சீராகப் போகிறது என்று பார்ப்பவர் சொல்கிறார். உண்மையிலேயே சீரான வேகத்தில் போகும் புள்ளியைக் காட்டினால், ‘எங்கேயோ அவசரப்படுகிறது’ என்கிறார். அதனால் ரோபோவின் கை துல்லியமான சம வேகத்தில் நீள்வட்டம் போடும்போது நமக்கு அது தப்பாகத் தெரிகிறது. ரோபோ சரியாகத்தான் செய்தது. நம் கண்ணின் அளவுகோல் வேறு.

குதிப்பதிலும் இப்படித்தான். 30 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் உடல் காற்றில் இருப்பது அரை நொடி. ஈர்ப்பு விசை போட்ட சட்டம், யாரும் மாற்ற முடியாது. கணினி உருவம் அதே 30 சென்டிமீட்டரை 0.8 நொடியில் குதித்து இறங்கினால், அந்த நேரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் குதிப்புக்கு உரியது. பார்ப்பவருக்குச் சூத்திரம் தெரியாது. "பஞ்சு மாதிரி இருக்கு" என்பார். அது சரியான இயற்பியல் விமர்சனம்.

அப்படியானால் எல்லா அசைவையும் வழவழப்பாக்கிவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் பலர் இடறுகிறார்கள். பரதநாட்டிய அடவு வழவழ சமாச்சாரம் இல்லை. கை நீண்டு, முடிவில் வெடுக்கென்று நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்துக்குத்தான் ‘அழுத்தம்’ என்று வாத்தியார்கள் சொல்வார்கள். பல ஆட்டங்களைப் பார்த்துக் கற்ற நிரல்கள் சந்தேகம் வந்த இடத்தில் சராசரியை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. ஒருவர் வெடுக்கென்று நிறுத்தியதையும் இன்னொருவர் நிதானமாக நிறுத்தியதையும் கலந்தால் கிடைப்பது இரண்டும் இல்லாத நெய் போன்ற ஓட்டம். முதல் பத்து நொடி அழகாக இருக்கும். அரை நிமிடத்தில் சலிக்கும்.

இன்னொரு குறை பாதம் வழுக்குவது. மூட்டுக் கோணங்களை ஒரு கணக்காகவும், மொத்த உடல் தரையில் எங்கே இருக்கிறது என்பதை வேறொரு கணக்காகவும் நிரல் போடுகிறது. இரண்டும் சில சென்டிமீட்டர் பிசகினால், ஊன்றிய கால் தரையில் சறுக்கும். செயற்கை நுண்ணறிவு நடன வீடியோவில் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊன்றிய குதிகாலைப் பாருங்கள். பல நேரம் குட்டு அங்கேதான் உடையும். ஊன்றிய நேரம் முழுக்கப் பாதத்தைத் தரையோடு பூட்டி, முழங்காலைத் திரும்பக் கணக்கிட்டால் இது சரியாகிவிடும்.

முத்திரையும் உடைகிறது. 2021-ல் வந்த ‘ஏஐஎஸ்டி பிளஸ் பிளஸ்’ என்ற தரவுத் தொகுப்பு ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது. 5.2 மணி நேர ஆட்டம், 10 வகை. எல்லாம் ஹிப்ஹாப், பிரேக், ஜாஸ் வகையறா. அதில் உடல் 24 மூட்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. விரல்கள் தனித்தனியாகக் கிடையாது. ஒற்றைக்கை முத்திரைகள் மட்டும் 28 உள்ள ஓர் ஆட்டத்தை விரலே பார்க்காத நிரலிடம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்.

இதுவரை: சம வேகம், தவறான எடை, அளவுக்கு மீறிய வழவழப்பு, சறுக்கும் பாதம், இல்லாத விரல். ‘ஜீவன் இல்லை’ என்பதில் இவை ஐந்தும் சரிசெய்யக்கூடிய குறைகள்.

தட்டுக்கழியும் சலங்கையும்: காது சொல்லும் தீர்ப்பு

"தெய்யா தெய்" என்று சொல்லும்போது கால் தரையில் அறைய வேண்டும். அரைமண்டியில் வளைந்த முழங்கால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரோபோவுக்கு இது ஆபத்து. பாதம் வேகமாகத் தரையில் மோதினால் அதிர்ச்சி நேராகக் கணுக்கால் கியரின் பற்களுக்குப் போகும், உடலும் சாயும். அதனால் பெரும்பாலான நடக்கும் ரோபோக்களின் நிரல், தரையைத் தொடும் கணத்தில் பாதத்தின் வேகம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். கால் ‘வைக்கிறது’, தட்டுவதில்லை. பரதம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு முதல் ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் முதல் சுற்றிலேயே, ஏதோ குறையும்.

காலைத் தூக்குவதற்கு முன்னாலும் ஒரு சங்கதி இருக்கிறது. உடலின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்ததாகக் கொண்டால் அதுதான் ஈர்ப்பு மையம். வலது காலைத் தூக்க வேண்டுமானால் முதலில் இந்த மையம் இடது பாதத்தின் மேல் வர வேண்டும். மனிதரும் இதைச் செய்கிறார். ஆனால் அரைமண்டியின் அகலத்துக்குள்ளும் முந்தைய அடியின் ஓட்டத்துக்குள்ளும் மறைத்துவிடுகிறார். 58 சென்டிமீட்டர் உயரமுள்ள ‘நாவோ’ மாதிரிச் சிறு ரோபோ இடுப்பை ஓரமாகத் தள்ளி, ஒரு கணம் நின்று, அப்புறம் தூக்கும். "யோசிச்சு யோசிச்சு ஆடுது" என்று குழந்தைகள் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

அமைதியான இடத்தில் மோட்டார் முனகும் சத்தம் வேறு. விருத்தம் பாடும்போது கையின் மூட்டிலிருந்து ‘ங்ஈ’ என்று வந்தால் ரசம் போச்சு. ஒலியைக் கூட்டி மறைப்பது ஒரு வழி. நல்ல அமைப்பாளர்கள் அந்த முனகலையே சுருதியாக எடுத்துக்கொண்டு இசை போடுவார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

தாளப் பிசகுக்கு வருவோம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் 34 மீட்டர் தள்ளி மேளம் அடிப்பவரைப் பார்த்தால், குச்சி விழுந்து பத்தில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். உலகில் ஒலி எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான். நம் மூளை அதற்குப் பழகிவிட்டது. கொஞ்சம் பிந்தினால் பொறுக்கும், முந்தினால் பொறுக்காது. ஒளிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரை இதற்கு எண்ணே கொடுத்திருக்கிறது: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்துவதானால் 125 மில்லிநொடி வரை தெரியாது.

இப்போது கல்லூரி விழா மேடையில் நடப்பதைப் பாருங்கள். கட்டளை போய் மோட்டார் தன் இடத்தை அடையும்போது கை, கால் சற்றுப் பிந்துகின்றன. ரோபோ பிந்தினால் ஒலி முந்திவிட்டது என்றுதானே அர்த்தம்? நம்மால் பொறுக்க முடியாத திசை அது. அதைச் சரிசெய்ய ரோபோவைக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கிவைப்பார்கள். விழா அன்று யாராவது ஒயரைக் கழற்றிவிட்டு புளூடூத் ஸ்பீக்கரை மாட்டுவார்கள். அது 100, 200 மில்லிநொடி தாமதமாக ஒலிக்கும். ஒத்திகையில் ஒட்டி வந்த அடி மேடையில் தாளத்துக்கு முன்னால் விழும். கூட்டம் ரோபோவைப் பார்த்துச் சிரிக்கும். குற்றம் ஸ்பீக்கருடையது. ஒயரில் ஓட்டுங்கள், அல்லது அரங்கில் உள்ள அதே ஸ்பீக்கரோடு தாமதத்தை அளந்து திருத்துங்கள்.

உறுத்தும் பள்ளம்

ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-ல் ஒரு கருத்து சொன்னார். ரோபோ மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். மிக நெருங்கியதும் திடீரென ஒரு பள்ளம், அருவருப்பு. முழு மனிதச் சாயல் வந்ததும் மறுபடி ஏறும். இந்தப் பள்ளத்தை உறுத்தல் பள்ளம் என்று சொல்லலாம். அசைவு சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் சொன்னார்: ஓர் இயந்திர முகத்தின் புன்னகை பாதி வேகத்தில் விரிந்தாலே பயமுறுத்தும்.

இணையத்தில் எந்த ரோபோ ஆடினாலும் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நாலு காலில் ஆடும் இயந்திர நாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அது மனிதச் சாயலுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. மோரி ஜப்பானின் புன்ராகு பொம்மையைப் பள்ளத்தைத் தாண்டிய மேட்டில் வைத்தார் என்பதையும் நினைவில் வைக்கலாம். அரங்கில் தூரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தில் ஆழ்ந்துவிட்டால் பொம்மையின் சிறுமையும் மரமுகமும் மறந்துபோகும் என்பது அவர் வாதம். நம் வள்ளியும் அங்கேதான் நிற்கிறாள்.

குலுக்கிப் போட்ட ஜதி

உடலை விட்டுவிட்டு அமைப்புக்கு வருவோம். 108 கரணங்களில் மூன்றை வரிசையாகக் குலுக்கி எடுத்தால் 12,59,712 வரிசைகள் கிடைக்கும். கணினிக்கு இது ஒரு நொடி வேலை. பார்ப்பவர் ஏன் மயங்குவதில்லை?

ஆதி தாளத்தில், ஓர் அட்சரத்துக்கு நாலு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. நட்டுவனார் ஜதியை முடிக்கத் தீர்மானம் வைக்கும்போது 10 மாத்திரைச் சொல்லை மூன்று முறை சொல்லி, நடுவில் ஒவ்வொரு மாத்திரை விடுவார் என்று வைத்துக்கொள்வோம்: 10 + 1 + 10 + 1 + 10. கூட்டினால் 32, அடுத்த அடி சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், விழும். கணக்கு தெரியாதவருக்கும் இரண்டாம் முறை கேட்கும்போதே மூன்றாவது வரப்போகிறது என்று உடம்பு சொல்லிவிடும். சமத்தில் கால் விழும்போது தலை தானாக ஆடும்.

கணினி 7 + 5 + 9 + 3 + 8 என்று கோர்த்தாலும் 32 வரும். தாளம் தவறவில்லை. ஆனால் எதுவும் திரும்ப வராததால் பார்ப்பவர் எதையும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் நிறைவேறுவதற்கு என்ன இருக்கிறது? "முடிஞ்சிடுச்சா?" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுக் கை தட்டுவார்கள்.

இதை வைத்து ‘கணினியால் அமைக்கவே முடியாது’ என்று முடிவுகட்டவும் கூடாது. மூன்று முறை சொல், சமத்தில் முடி என்று விதி கொடுத்தால் அது இரவெல்லாம் தீர்மானம் போடும். குலுக்கல் முறையே தாழ்ந்தது என்றும் இல்லை. கன்னிங்ஹாம் கணினிக்கு முன்பே காசு சுண்டிப்போட்டு வரிசை அமைத்தவர். கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து போயிற்று, ஒரு பகுதி ஆயுள் ரசிகர்களானது. எது எங்கே திரும்ப வர வேண்டும், எந்த இடத்தில் எதிர்பார்ப்பை ஏமாற்ற வேண்டும் என்பதைக் கணினியிடமிருந்து வந்த குவியலில் தேர்ந்தெடுப்பது அமைப்பாளரின் வேலையாகவே இருக்கிறது.

பெயர்ப்பலகை செய்யும் வேலை

பண்ருட்டிப் பலா என்று சொல்லிக் கொடுத்தால் சுளை இனிப்பது நமக்குத் தெரிந்த விஷயம். கலையிலும் அப்படித்தான். 2004-ல் குரூகர் குழுவினர் ஒரே கவிதையைக் கொடுத்து, ஒரு சாராரிடம் எழுத 4 மணி நேரம் ஆனது என்றும், மறு சாராரிடம் 18 மணி நேரம் ஆனது என்றும் சொன்னார்கள். நீண்ட நேரம் ஆனதாகக் கேட்டவர்கள் கவிதையை உயர்வாக மதிப்பிட்டார்கள். உழைப்பை வைத்துத் தரத்தைக் கணிக்கும் பழக்கம் இது. கணினி என்றதும் நம் மனம் உழைப்பைப் பூஜ்யமாக எழுதிவிடுகிறது. ஓவியத்திலும் இசையிலும் ‘கணினி செய்தது’ என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் மதிப்பெண்ணை இறக்குவது இதனாலும்தான், எப்போதும் இறக்குவதில்லை.

பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகலாம். 1997-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று பியானோ இசைத் துண்டுகள் வாசிக்கப்பட்டன: ஒன்று ஜெர்மன் இசைமேதை பாக் எழுதியது, ஒன்று அங்கிருந்த பேராசிரியர் ஸ்டீவ் லார்சன் பாக்கின் பாணியில் எழுதியது, ஒன்று இசையமைப்பாளர் டேவிட் கோப்பின் கணினி நிரல் எழுதியது. கூட்டம் நிரலின் இசையைப் பாக் என்றது. பேராசிரியரின் இசையைக் கணினி என்றது.

பாராட்டுக்கும் பெயர்ப்பலகை வேலை செய்யும். 2025 ஜனவரியில் சீனத் தொலைக்காட்சியின் வசந்த விழாவில் 16 யூனிட்ரீ ரோபோக்கள் கைக்குட்டை சுழற்றி யாங்கோ நாட்டுப்புற ஆட்டம் ஆடின. கைக்குட்டை மேலே பறந்து திரும்பக் கைக்கு வந்தது. அதையே 16 பள்ளிப் பிள்ளைகள் ஆடியிருந்தால் இந்த ஊர்வரை வீடியோ வந்திருக்காது. ‘இயந்திரமாக இருந்தும்’ என்ற வியப்புக்குத்தான் அந்தக் கைதட்டல்.

ஆடத் தெரிந்தவரும் தெரியாதவரும்

2005-ல் பேலே கலைஞர்களையும் பிரேசில் நாட்டுக் கபோய்ரா ஆட்டக் கலைஞர்களையும் மூளை ஸ்கேனில் வைத்து இரண்டு ஆட்டங்களையும் காட்டினார்கள். அசைவைப் பார்க்கும்போதும் செய்யும்போதும் வேலை செய்யும் மூளைப் பகுதிகள், தாம் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோது கூடுதலாக இயங்கின. அதனால் பழகாத இயந்திர அசைவுக்கு மூளை அசையாது என்று நினைக்கத் தோன்றும். 2012-ல் எமிலி கிராஸ் குழுவினர் பார்த்தபோது, விறைப்பான ரோபோ அசைவுக்கு அந்தப் பகுதிகள் இயல்பான அசைவைவிட அதிகமாகவே இயங்கின. புரியாததைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைக்கிறது போலும். அந்த உழைப்பு எப்போது சுவையாகிறது, எப்போது சோர்வாகிறது என்பதை ஸ்கேன் சொல்லாது.

உங்கள் நடனப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்க

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு நடனப் பள்ளியும் ஒரு பொறியியல் கல்லூரியும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் இதைச் செய்யலாம். தலா முப்பது நொடியில் இரண்டு ஆட்டம்: ஒன்றை ஆசிரியர் அமைக்கட்டும், இன்னொன்றை நிரல் அமைக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள், ஒரே உடை, ஒரே சுவர், ஒரே காலப்பிரமாணத்தில் ஆட வேண்டும். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருக்கட்டும். பார்வையாளர் 40 பேரை இருபது இருபதாகச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். முதல் குழுவிடம் உண்மையான பெயர்ப்பலகை; இரண்டாம் குழுவிடம் பெயர்ப்பலகையை மாற்றிச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஒரு குழுவிலேயே பாதிப் பேருக்கு ஆட்ட வரிசையையும் மாற்றிக் காட்டுங்கள். மதிப்பெண் ஆட்டத்தோடு போகிறதா, பெயர்ப்பலகையோடு போகிறதா என்று கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் பெயர்ப்பலகை மாறிய உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தால் முதல் கைதட்டல் மற்றவர்களையும் இழுத்துவிடும்; ஆளுக்கொரு போன், ஹெட்போன் கொடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். மதிப்பெண் பாட்டுக்குப் போய்விடும். பிடித்ததா என்று கேட்பதற்கு முன் ‘யார் அமைத்திருப்பார்கள்?’ என்று கேட்டால் எல்லோரும் துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். ஆடுபவருக்கும் எது யாருடைய அமைப்பு என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் வாத்தியாருடையதை மட்டும் முகம் மலர்ந்து ஆடுவார்.

மேடையில் உண்மையான ரோபோ ஆடுவதானால் ஒரே ஒரு கூடுதல் வேலை. ஒரு வாரம் கழித்து அதே ஆட்களுக்கு அதே ஆட்டத்தை மறுபடி காட்டுங்கள். முதல் நாள் 6 போட்டவர் இப்போது 4 போட்டால், அந்த இரண்டு மதிப்பெண் புதுமைக்குப் போனது. மீதி நாலுதான் ஆட்டத்துக்கு.